தையல்நாயகி, மூன்று பதிவுகள்

டாக்டருக்கா, நர்ஸுக்கா, லேபுக்கா என்று
மன்னார்குடி பஸ்ஸில் கேட்பார்கள்.
காகிதத்துக்கு என்பேன்.
பேச்சு மழை பக்கம் போய்விடும்.

தஞ்சாவூரில் மூன்று வருடம்.
இருநூற்றாறு எலும்பும் மனப்பாடம்,
ஒன்றையும் தொட்டதில்லை.
எங்களுக்கு எல்லாமே எண்:
பாம்பு தீண்டினால் ஒன்று,
வரப்பில் வழுக்கினால் வேறு.
குளியல் தொட்டியில் மூழ்கினால் தனி எண்,
ஆற்றுக்கும் குளத்துக்கும் சேர்த்தே ஓர் எண்தான்.
காவேரி கோபித்துக்கொள்ளாதா என்றான் நிவேதன்.
குளியல் தொட்டியை
வகுப்பில் யாரும் பார்த்ததில்லை.

அவன் இப்போது திருச்சியில், ராத்திரி வேலை.
ஓஹையோக்காரர்களின் முழங்காலுக்கு
எண் போடுகிறான். ஒரு முழங்காலுக்கு
நாலு நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது.
ஜெபசீலி கோவையில், காப்பீட்டு நிறுவனத்தில்.
'தர முடியாது' என்பதைப்
பதினேழு மரியாதையான விதங்களில் எழுதுவாள்.
மஹ்ஜபீன் இன்னும்
அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு வாய்த்தது
பெரியாஸ்பத்திரி ஆவண அறை.
பிணவறைக்குப் போகும் வழியில் இடப்பக்கம்.
புயலில் நனைந்த கட்டுகள்
அப்பளம்போல் விறைத்து நிற்கும்.
ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று எண்கள்.
தேடிப் பிடித்து ஒன்றாக்கு என்றார்கள்.
பெயர் பிசகும், வயது பிசகும்,
மச்சம் பிசகாது.

தையல்நாயகி, முப்பத்தொன்று, ஆனி மாதம்.
மாடிப்படியில் விழுந்தது. புருவத்தில் தையல் ஐந்து.
தைலநாயகி, முப்பது, புரட்டாசி.
கஞ்சி வடிக்கையில் முன்கை வெந்தது.
தையநாயகி, முப்பத்து மூன்று, மார்கழி.
இருமல் மருந்தென்று பூச்சிமருந்து குடித்தது.
மூவருக்கும்
இடது காதுக்குக் கீழே மிளகளவு மச்சம்.
மூன்றிலும், தகவல் சொன்னவர்: கணவர்.
மூன்றுக்கும் விபத்து எண்.

தனித்தனியாகப் படித்தால்
மூன்று கவனக்குறைவான பெண்கள்.

கடைசித் தாளின் பின்பக்கம்
சமூகப் பணியாளர் பென்சிலில் எழுதியிருந்தார்:
கூரை வீடு.

கூரை வீட்டில்
ஏது மாடிப்படி?

மருத்துவர் எழுதாததை எண்ணாதே.
முதல் பருவத்து முதல் பாடம்.
தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.
என் கையில் இருப்பது ஒரே ஒரு ரோஸ் நிறச் சீட்டு,
வினாச் சீட்டு என்று பெயர்.
அதிலும் சாடை காட்டக்கூடாது, விதி.
'காயம் ஏற்பட்ட விதத்தைத் தெளிவுபடுத்தவும்'
என்று மட்டும் எழுதி
மூன்று கோப்பையும் ஒரே நாடாவில் கட்டி அனுப்பினேன்.

பதினோரு நாள் பதில் இல்லை.
டாக்டர் கயல்விழிக்கு அந்த வாரம்
நாற்பது பிரசவம்.
கட்டு திரும்பி வந்தபோது சீட்டில்
பதில் இருக்கவில்லை.
'அடுத்த முறை வந்தால் தனியாகப் பார்க்க வேண்டும்.'
அதைத் திரையில் ஏற்றினேன்,
வேறெதுவும் செய்யவில்லை.

தை அறுவடை முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை
காய்ச்சல் என்று கூட்டி வந்தார்.
சீட்டுக் கவுண்டரில் எண் தட்டினார்கள்.
ஒன்று கேட்டதற்கு மூன்றும் திறந்தன.
ஸ்டெல்லா சிஸ்டர் திரையைப் பார்த்தார்,
மச்சத்தைப் பார்த்தார்.
'ஆதார் ஜெராக்ஸ் வேணும்ங்க,
கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வாங்க'
என்று அவரை அனுப்பிவைத்தார்.
ஜெராக்ஸ் எங்களுக்குத் தேவையில்லை.

கதவு சாத்தியது.
வாசலில் அவள் ரப்பர் செருப்பு,
ஒன்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.
உள்ளே என்ன பேசினார்கள்
எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

சாயங்காலம் தாள் வந்தது.
காய்ச்சலுக்குக் கீழே, கயல்விழியின்
கோழிக் கிறுக்கலில் இன்னொரு வரி.
தகவல் சொன்னவர்: நோயாளி.

அந்த வரிக்கு என்ன எண் என்று
புத்தகம் பார்க்காமலே தெரியும்.
இருந்தாலும் எடுத்து,
விரலை வைத்து,
ஒவ்வொரு வரியாக இறங்கினேன்.